காலேஜ் அறையில் சமையல்: முதல் மாதத்தைத் தாண்ட ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூர் பீளமேட்டில் முதுகலை சேர்ந்தபோது நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தோம். மூன்று பேருமே வெளியூர். நூடுல்ஸும் ஆம்லெட்டும் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. முதல் மாதம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாங்கிய இண்டக்‌ஷன் அடுப்பின் பிளக் எங்கள் பாயிண்டில் நுழையவில்லை. அம்மா கொடுத்துவிட்ட அலுமினியக் குக்கர் அந்த அடுப்பில் சூடே ஆகவில்லை. பருப்பு எட்டு விசில் விட்டும் கல்லாகக் கிடந்தது. மூன்றாவது வாரம், ராத்திரி மிஞ்சிய சோற்றைக் காலையில் சூடுபண்ணிச் சாப்பிட்டு, நானும் இன்னொருவனும் நாள் முழுக்க வாந்தி எடுத்தோம். அன்றைக்கு இருந்த செமினாரும் போனது. மாதக் கடைசியில் பார்த்தால் சமைக்கவும் செலவு, வெளியே சாப்பிட்டதற்கும் செலவு.

இதில் எதுவுமே சமையல் தெரியாததால் வந்த தொல்லை இல்லை. வீடு பார்க்கும்போதும், சாமான் வாங்கும்போதும், ராத்திரி படுப்பதற்கு முன்பும் செய்ய வேண்டிய சில காரியங்கள் எங்களுக்குத் தெரியாததால் வந்தவை. இரண்டு வருடம் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுப் படித்து முடித்தோம். புதிதாக வருகிற உங்களுக்கு அந்த முதல் மாதம் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். விலைகள் நாங்கள் கொடுத்தவை. நீங்கள் வாங்கும்போது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

1. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டியவை

"சமைக்கலாமா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "லைட்டா சமைச்சுக்கலாம் தம்பி" என்று பதில் வரும். அதற்கு என்ன அர்த்தம் என்பது பிறகுதான் தெரியும். கேஸ் வைக்கலாமா, இண்டக்‌ஷன் வைக்கலாமா, முட்டை, கறி சமைக்கலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். அசைவம் கூடாது என்கிற வீடுகள் நிறைய உண்டு. குடி வந்த பிறகு அதில் மனஸ்தாபம் வேண்டாம்.

அடுத்தது கரண்ட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில் வரும், நாங்கள் இருந்தபோது முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மாடி வீட்டுக்குத் தனியாக சப் மீட்டர் வைத்திருந்தால் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு வைத்திருப்பார். எங்களுக்கு யூனிட் 8 ரூபாய். அதைக் கேட்டு, 11 மாத வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சமைக்கலாம் என்பதையும் அதிலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வாயால் பேசியது ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

பிறகு சமையல் மேடைக்குப் பக்கத்துச் சுவரைப் பாருங்கள். பெரிய ஓட்டை உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறதா? சின்ன ஓட்டை மட்டும் என்றால் அது 6 ஆம்பியர். இது எவ்வளவு முக்கியம் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

கடைசியாகத் தண்ணீர். கோவையில் "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு முறை வருதுங்க?" என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும். நல்ல தண்ணி என்றால் சிறுவாணி, பில்லூர் போன்ற குடிநீர். உப்புத் தண்ணி என்றால் போர் தண்ணி. எங்கள் பருப்பு வேகாததற்குக் காரணம் போர் தண்ணிதான். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் பருப்பை இறுக்கிவிடும், எத்தனை விசில் விட்டாலும் குழையாது. குளிக்க, பாத்திரம் கழுவ உப்புத் தண்ணி போதும். பருப்புக்கும் சோற்றுக்கும் நல்ல தண்ணியைத் தனிக் குடத்தில் பிடித்து மூடி வையுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்: ஆதார் நகல் மூன்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ, இங்கே படிக்கிறீர்கள் என்று காலேஜ் எழுதிக் கொடுக்கும் போனஃபைட் சான்றிதழ், ஒப்பந்த நகல். போனஃபைட் கைக்கு வர எங்களுக்கு நான்கு நாள் ஆனது. சேர்ந்த முதல் வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆதார் நகல் கொடுக்கும்போது, கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். நகலின் மேல் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

2. அடுப்பு: இண்டக்‌ஷனா, கேஸா?

ஒரு ஆள், இரண்டு ஆள் என்றால் இண்டக்‌ஷன் போதும். மூன்று பேருக்கு மேல் என்றால் இரண்டும் இருப்பது நல்லது. கரண்ட் போனால் இண்டக்‌ஷனில் ஒன்றும் நடக்காது.

கடையில் 2,000 வாட் அடுப்பைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்குவது சுமார் 1,380 வாட் வரைதான். நாங்கள் என்ன செய்தோம் என்றால், நுழையாத பிளக்குக்கு ஒரு கன்வெர்டர் வாங்கி, அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, முழு வேகத்தில் வைத்தோம். இருபது நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகுகிற வாடை. பிடுங்கிப் பார்த்தால் கன்வெர்டரின் ஒரு பக்கம் உருகி, பிளக்கின் பின்னோடு ஒட்டியிருந்தது. அறையில் யாரும் இல்லாத நேரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 16 ஆம்பியர் பாயிண்ட் இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டு எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி ஒயர் இழுத்துப் போடுங்கள். எங்களுக்கு 700 ரூபாய் ஆனது, பாதியை வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். அதுவரைக்கும், பிளக் நேராக நுழைகிற அடுப்பாக இருந்தாலும், 1,200 வாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்த நிலையிலும் வேண்டாம்.

கரண்ட் செலவைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 1,200 வாட்டில் அரை மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். இரண்டு வேளை சமைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். எட்டு ரூபாய்க் கணக்கில் மாதம் 240 முதல் 300 ரூபாய்.

கேஸ் வேண்டுமென்றால், 14.2 கிலோ வீட்டு இணைப்புக்கு முகவரிச் சான்று கேட்பார்கள், மாணவர்களுக்கு அது இழுபறி. அதற்குப் பதில் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. இண்டேனில் 'சோட்டு', எச்.பி.யில் 'அப்பு', பாரத் கேஸில் 'மினி' என்று கேளுங்கள். ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். முகவரிச் சான்று தேவையில்லை, ஒரு அடையாள அட்டை நகல் போதும். முதல் முறை சிலிண்டரோடு சேர்த்து ஒன்றரை ஆயிரத்துக்கு மேல் ஆகும். பிறகு காலி சிலிண்டரைக் கொடுத்து நிறைந்ததை மாற்றிக்கொள்ளலாம். கிலோ கணக்கில் பார்த்தால் வீட்டு சிலிண்டரை விட விலை கூடத்தான், அதனால் முழுச் சமையலையும் இதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ரெகுலேட்டரையும் டியூபையும் அங்கேயே வாங்கிப் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள்.

தெருமுனைக் கடைகளில் பெயர் இல்லாத குட்டி சிலிண்டரில் கேஸ் அடித்துக் கொடுப்பார்கள். கைக்குச் சுலபம், விலையும் குறைவு, சட்டப்படி தவறு, வால்வு எப்போது கசியும் என்று சொல்லவே முடியாது. வாங்காதீர்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே போய் 1906க்குக் கூப்பிடுங்கள். நாடு முழுக்க அதுதான் எண், இரவிலும் எடுப்பார்கள்.

3. பாத்திரம்: குறைவாக வாங்குங்கள், காந்தத்தோடு போங்கள்

ஃபிரிட்ஜில் ஒட்டுகிற சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். பாத்திரத்தின் அடியில் அது கப்பென்று ஒட்டினால் இண்டக்‌ஷனில் வேலை செய்யும். ஒட்டவில்லையென்றால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வேலை செய்யாது. சாதாரண அலுமினியம், பித்தளை, மண்பாத்திரம் எதுவும் ஆகாது. அடி வளைந்த வாணலியும் ஆகாது, தட்டையாக இருக்க வேண்டும்.

மூன்று பேருக்கு நாங்கள் வாங்கியது: அடுப்பு 2,100, 5 லிட்டர் எவர்சில்வர் குக்கர் 2,200, தட்டையான இரும்பு தோசைக்கல் 450, பால் காய்ச்ச ஒரு சின்னப் பாத்திரம் 300, கத்தி, பலகை, கரண்டிகள் 350, சாமான் போட்டு வைக்க டப்பாக்கள் 300. மொத்தம் 5,700, ஆளுக்கு 1,900. தட்டு, டம்ளர் அவரவர் வீட்டிலிருந்து வந்தது. வாணலி வாங்கவில்லை. மூடி போடாத குக்கர்தான் எங்கள் வாணலி.

மூன்று பேருக்கு 3 லிட்டர் குக்கர் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அரிசியும் பருப்பும் பொங்கும், குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நிரப்பினால் கஞ்சி விசில் வழியாகப் பீய்ச்சி அடித்து, வெயிட் உட்காரும் குழாய் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் அந்தக் குழாயில் ஊதிப் பாருங்கள், காற்று தடையில்லாமல் போக வேண்டும். மூடியில் இருக்கும் ரப்பர் வளையம், அதாவது கேஸ்கட், ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். அது தளர்வது எப்போதும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான்.

4. முதல் மளிகை, காய்கறி

ஊரிலிருந்து வரும்போது துணியைக் குறைத்து இவற்றைக் கொண்டுவாருங்கள்: சாம்பார்ப் பொடி அரை கிலோ, ரசப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், ஊறுகாய். வீட்டில் அரைத்த பொடி இருந்தால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி. கடைப் பொடிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் முதல் வாரத்திலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும்.

அரிசியை 25 கிலோ சிப்பமாக வாங்கினால் மூன்று பேருக்கு ஒரு மாதம் ஓடும். பொன்னி புழுங்கல் நாங்கள் 1,450க்கு வாங்கினோம். வாங்குவதற்கு முன் கால் கிலோ தனியாக வாங்கி ஒரு முறை வடித்துப் பாருங்கள். புது அரிசி குழைந்துவிடும், பழைய அரிசிக்குத் தண்ணீர் கூட வேண்டும். மூட்டையில் நாலு காய்ந்த மிளகாயைப் போட்டு வைத்தால் வண்டு வருவது குறையும்.

காய்கறிக்கு உழவர் சந்தை. எங்களுக்குச் சிங்காநல்லூர் பக்கம், ஆர்.எஸ்.புரத்திலும் ஒன்று இருக்கிறது. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு அதைவிட நிம்மதி கிடையாது. காலை ஏழு மணிக்குள் போங்கள். பத்து மணிக்குப் போனால் நசுங்கிய தக்காளிதான் மிச்சம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் எது தாங்கும் என்று பார்த்து வாங்க வேண்டும். சின்ன வெங்காயம், உருளை, பூசணி, சேனை ஒரு வாரம் தாராளமாக நிற்கும். தக்காளியைக் கொஞ்சம் காயாகப் பொறுக்குங்கள். கீரையும் வெண்டையும் வாங்கிய அன்றோ மறுநாளோ தீர்த்துவிட வேண்டும். கறிவேப்பிலையை ஈரமில்லாமல் துடைத்து, காகிதத்தில் சுற்றி டப்பாவில் போட்டால் நாலைந்து நாள் வரும்.

முட்டையை அட்டைக் கணக்கில் வாங்குங்கள், 30 முட்டை. நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் கோவையில் எப்போதும் புதுசு கிடைக்கும். புரட்டாசியில் பலர் அசைவம் விடுவதால் விலையும் இறங்கும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். கறி வாங்கக் கட்டுப்படியாகாத மாதங்களில் முட்டை, மீல்மேக்கர், நிலக்கடலை, பருப்பு இந்த நான்கையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் உடம்பு தாங்கும். சோறும் ஊறுகாயுமாக ஓட்டாதீர்கள். எங்களில் ஒருவன் அப்படி ஓட்டி, இரண்டாவது செமஸ்டரில் படி ஏறவே மூச்சு வாங்கினான்.

5. நேரம்: காலைச் சமையல் ராத்திரியே தொடங்குகிறது

பலரும் சமைப்பதை விடுவது காலை எட்டு மணிக்கு. ஒன்பது மணிக்கு வகுப்பு, கையில் உரிக்காத வெங்காயம். அந்த நிமிடத்தில் யாராக இருந்தாலும் பேக்கரிக்குத்தான் போவார்கள். ஆகவே காலையில் கத்தி எடுக்கிற வேலையே இருக்கக் கூடாது.

எங்கள் ஒழுங்கு இதுதான். ராத்திரி 7:30க்கு அடுப்பு பற்ற வேண்டும், 8:15க்குச் சாப்பாடு. சாப்பிட்டதும் ஒருவர் பாத்திரம் கழுவ, ஒருவர் மறுநாளுக்குச் சின்ன வெங்காயமும் பூண்டும் உரிக்க, ஒருவர் காயைக் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். இருபது நிமிட வேலை. சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வரும், கண்ணும் அவ்வளவாக எரியாது. அளந்த அரிசியும் பருப்பும் ஒரு கிண்ணத்தில் தயாராக இருக்கும். காலை 7:15க்கு எழுந்தவர் அதைக் கழுவி ஊறப்போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். 7:40க்குக் குக்கர் ஏறும், 8:20க்கு டப்பா கட்டிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கித் தக்காளித் தொக்கு செய்து வையுங்கள். ஒரு கிலோ தக்காளி, நல்லெண்ணெய் தாராளமாக, கடுகு, வெந்தயம், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் புளி. எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை சுருள வதக்க வேண்டும். ஈரம் படாத கரண்டியால் எடுத்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலேயே மூன்று நான்கு நாள் நிற்கும். தோசைக்கும் அதுதான், சோற்றுக்கும் அதுதான்.

6. முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது: அரிசிம்பருப்பு

ஒரே ஒரு சமையல்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். கொங்கு நாட்டு வீடுகளில் வேலை மிகுந்த நாளில் செய்வது. தனியாகக் குழம்பு வேண்டாம், ஒரு குக்கரோடு முடியும், பருப்பு இருப்பதால் சத்தும் உண்டு. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த நான் அதுவரை இதைச் சாப்பிட்டதே இல்லை. வாந்தி எடுத்துப் படுத்திருந்த அன்று கீழ் வீட்டம்மா ஒரு தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். மறுநாள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது எப்படிச் செய்வது என்று கேட்டேன். "இதுக்கு எதுக்குங் கண்ணு பயப்படறே? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மூடிப்புட்டா அது பாட்டுக்கு வெந்துக்கும்" என்றார்கள். அவர்கள் அடுப்படியிலேயே நின்று பார்த்து எழுதிக்கொண்டது கீழே இருக்கிறது.

மூன்று பேருக்கு 200 மில்லி டம்ளரில் இரண்டு டம்ளர் புழுங்கலரிசி, அரை டம்ளர் துவரம் பருப்பு. இரண்டையும் சேர்த்துக் கழுவி அரை மணி நேரம் நல்ல தண்ணியில் ஊற விடுங்கள். குக்கரில் மூன்று கரண்டி (இங்கே கரண்டி என்றால் ஸ்பூன், குழம்புக் கரண்டி இல்லை) கடலெண்ணெய் ஊற்றி 600 வாட்டில் வையுங்கள். இதைக் கவனியுங்கள்: இண்டக்‌ஷனில் அடி சட்டென்று சுட்டுவிடும், முழு வேகத்தில் கடுகு போட்டால் வெடிப்பதற்கு முன்பே கருகும். கடுகு வெடித்ததும் சீரகம், பத்து மிளகு, கிள்ளிய காய்ந்த மிளகாய் மூன்று, கறிவேப்பிலை. பிறகு சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு எட்டுப் பல். வெங்காயத்தை நறுக்க வேண்டாம், பெரியதாக இருந்தால் இரண்டாகப் பிளந்தால் போதும். ஓரம் லேசாகச் சிவந்து இனிப்பு வாடை வரும். அப்போது ஒரு தக்காளியைப் பிழிந்துவிட்டு, மஞ்சள்தூள் கால் கரண்டி, சாம்பார்ப் பொடி ஒன்றரைக் கரண்டி போட்டு ஒரு புரட்டு. ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு அரிசி பருப்பைச் சேர்த்து, ஏழரை டம்ளர் தண்ணீர், உப்பு. தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்பு ஒரு சொட்டுத் தூக்கலாக இருக்க வேண்டும். சோறு வெந்ததும் சரியாகிவிடும்.

மூடி, 1,200 வாட்டில் வையுங்கள். முதல் விசில் வரப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். வந்ததும் 800க்குக் குறைத்து இன்னும் மூன்று விசில். அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கும்வரை விடுங்கள். அவசரத்தில் வெயிட்டைத் தூக்கினால் கஞ்சி தெறித்து முகத்தில் அடிக்கும். திறந்ததும் பூண்டு முழுசாகக் கிடக்கும், கரண்டியால் அழுத்தினால் வெண்ணெய் மாதிரி நசுங்க வேண்டும். ஒரு கரண்டி நெய், தொட்டுக்கொள்ள அப்பளம் அல்லது தயிர். ஆறினால் இறுகும், டப்பாவுக்குக் கட்டும் நாளில் அரை டம்ளர் தண்ணீர் கூட்டிக்கொள்ளுங்கள்.

அரிசிம்பருப்பு கை வந்துவிட்டால், பருப்புக்குப் பதில் ஊறவைத்துப் பிழிந்த மீல்மேக்கரும் பட்டை கிராம்பும் போட்டால் பிரியாணி மாதிரி ஒன்று, தக்காளியைக் கூட்டினால் தக்காளி சாதம். கைவேலை ஒன்றுதான், தண்ணீரை மட்டும் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

7. பதினைந்து நிமிடத்துக்குள் முடிவன

ரவை உப்புமாவை எல்லோரும் திட்டுவார்கள். திட்டு வாங்குவது கட்டி தட்டிய உப்புமா. வாங்கிய அன்றே ரவையை வாசம் வரும்வரை வறுத்து டப்பாவில் போட்டு வையுங்கள். ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், நன்றாகக் கொதித்த பிறகு ஒரு கையால் தூவி மறு கையால் கிளற வேண்டும். கட்டியே வராது.

முட்டைப் பொரியல்: வெங்காயம் வதங்கியதும் நாலு முட்டையை உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் போட்டுக் கிளறினால் முடிந்தது. ஞாயிறு செய்த தொக்கில் இரண்டு கரண்டியைச் சூடாக்கி அவித்த முட்டையைப் பிளந்து போட்டால் அது முட்டைத் தொக்கு.

பருப்பில்லாத ரசம்: எலுமிச்சை அளவுப் புளியைக் கரைத்து, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு நுரை கட்டும்போது இறக்கிவிடுங்கள். கொதிக்க விட்டால் ருசி போய்விடும். காய்ச்சல், சளி நாட்களில் இதுவும் சுட்ட அப்பளமுமே போதும்.

கடை மாவு ஒரு கிலோ வாங்கினால், ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் அன்றைக்கும் மறுநாள் காலைக்கும்தான். புளித்துவிட்டால் வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம். அதற்கும் மேல் வைக்காதீர்கள்.

ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கும் பரீட்சைக் காலையிலும் அவல். அடுப்பே வேண்டாம். கெட்டி அவலைக் கழுவிப் பத்து நிமிடம் ஊறவைத்து, தயிர், உப்பு, ஊறுகாய். அல்லது வெல்லம், தேங்காய், வாழைப்பழம். எலக்ட்ரிக் கெட்டில் அனுமதிக்கிற ஹாஸ்டலா என்று விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள், சோதனையில் பிடுங்கிக்கொண்டு அபராதமும் போடுவார்கள். கெட்டிலில் தண்ணீர் மட்டும் காய்ச்சுங்கள். பாலும் நூடுல்ஸும் அடியில் பிடித்து அதைக் கெடுத்துவிடும்.

8. மிச்ச சோறு: தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்

எங்களை வாந்தி எடுக்க வைத்தது கெட்டுப்போன காய் இல்லை, வெறும் சோறு. அரிசியில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமியின் விதைகள் இயல்பாகவே இருக்கும், வேகவைத்தாலும் சாகாமல் தப்பிக்கும். சோறு வெதுவெதுப்பாக மூடிக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடுபண்ணினால் அந்த நஞ்சு போகாது. "கொதிக்க வெச்சாச்சே, ஒண்ணும் ஆகாது" என்றுதான் நாங்களும் சாப்பிட்டோம். வாடையில் கூட எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஆகவே, வடித்த சோறு அப்படியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்க விடாதீர்கள். மிஞ்சும் என்று தெரிந்தால் சாப்பிட்ட உடனே ஆறவைத்து, சுத்தமான பாத்திரத்தில் மூழ்கும் அளவு நல்ல தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் பழைய சோறு. மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்தால் நல்ல சாப்பாடு. கொழகொழப்போ துர்நாற்றமோ வந்தால் கொட்டிவிட வேண்டும். பருப்பு கலந்த சோறு, குழம்பு, முட்டை எதையும் இப்படி வைக்க முடியாது, அவை அந்த வேளையோடு தீர வேண்டும். அதற்கு ஒரே வழி அளந்து போடுவது. ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு முக்கால் டம்ளருக்குக் கொஞ்சம் குறைவான அரிசி. யார் ராத்திரி வரமாட்டார்கள் என்பதை ஆறு மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்று நாங்கள் விதி வைத்தோம்.

9. மாதக் கணக்கும் சண்டையும்

மூன்று பேருக்கு எங்களுக்கு ஒரு சாதாரண மாதத்தில் ஆனது: அரிசி 1,450, பருப்பு 450, எண்ணெய் 450, மூன்று அட்டை முட்டை 540, காய்கறி 1,000, பாலும் தயிரும் 1,200, மாவு 600, கரண்ட் 300, மற்ற சில்லறை 400. கூட்டினால் 6,390, ஆளுக்கு 2,130. முதல் மாதம் வெளியே சாப்பிட்டதற்கே எனக்கு மட்டும் 5,000 தாண்டியது. முதல் மாதம் பாத்திரச் செலவும் சேர்வதால் மிச்சம் பெரிதாகத் தெரியாது. மூன்றாவது மாதத்திலிருந்துதான் கையில் காசு நிற்கும், அதற்குள் மனம் விட்டுவிடாதீர்கள்.

மாதம் ஒன்றாம் தேதி ஆளுக்கு 2,200 ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அப்போதைக்கப்போது ஜிபேயில் பிரித்துக்கொள்ளலாம் என்றால் யாரோ ஒருவர் எப்போதும் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருப்பார், கேட்கவும் கூச்சப்படுவார். செலவை அடுப்புக்குப் பக்கத்தில் தொங்குகிற ஒரு நோட்டில் எழுதுங்கள்.

சண்டை காசில் வராது, பாத்திரம் கழுவுவதில் வரும். சமைத்தவர் கழுவ வேண்டாம் என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். வாரம் முழுக்க ஒருவரே சமைக்காமல் இரண்டு இரண்டு நாளாக மாற்றிக்கொள்ளுங்கள். ஞாயிறு தொக்குக்கு மூன்று பேரும் நிற்க வேண்டும்.

தீபாவளி, பொங்கல், செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் அன்று: கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போடுங்கள், அடுப்பின் பிளக்கைப் பிடுங்குங்கள், குக்கரையும் கேஸ்கட்டையும் கழுவிக் காயவைத்து மூடாமல் வையுங்கள், தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துவிடுங்கள், குப்பையை எடுத்துப் போடுங்கள். மிஞ்சிய வெங்காயம், தக்காளியைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். நாங்கள் அப்படித்தான் கொடுப்போம். திரும்பி வரும் அன்று ராத்திரிக்கு அந்தத் தூக்கு மாடிக்கு வந்துவிடும்.